பொம்மைக் கண்கள் சொன்ன சேதி

"அத்தை, இவன் என் கண்ணைப் பார்க்கவே மாட்டேங்கறான்."

மருமகள் இதை முதன்முதலாக என்னிடம் சொன்னபோது நான் அரிவாள்மணையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஆம்பளைப் பிள்ளைன்னா அப்படித்தாம்மா இருக்கும். உன் புருஷன் மூணு வயசு வரைக்கும் வாயே திறக்கலை. இப்போ பேச்சை நிறுத்த முடியுதா? ரெண்டு வயசுக் குழந்தைக்குக் கண்ணாவது, காதாவது!" என்று சொல்லிவிட்டு, தண்டின் நாரை விரலில் சுற்றி எடுத்தேன். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வீடு அபிராமபுரத்தில். கல்யாணமாகி இங்கே வந்து நாற்பத்திரண்டு வருஷமாயிற்று. மூன்று குழந்தைகளை வளர்த்தாயிற்று. மகள் வயிற்றுப் பேத்தியையும் இந்த வீட்டில்தான் இடுப்பில் சுமந்தேன். பிள்ளை வளர்ப்பில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எங்கள் பேரனுக்குச் சேர வேண்டிய எட்டு மாதத்தை விழுங்கிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேத்தி சின்னவளாக இருந்தபோது சுட்டி டி.வி.யில் டோரா தமிழ் பேசிக்கொண்டிருந்தாள். உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். டோரா ஒரு கேள்வி கேட்பாள். பிறகு தன் பெரிய கண்களை நேராக நம் பக்கம் திருப்பி, இமையைச் சிமிட்டிக்கொண்டு காத்திருப்பாள். பேத்தி சோபாவில் எம்பி எம்பிக் குதித்துப் பதில் சொல்லுவாள். டோரா தன்னைத்தான் பார்க்கிறாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

பேரனுக்கும் அதே டோராவைப் போட்டுக் காட்டினோம். டோரா கேட்டாள், காத்திருந்தாள். இவனோ டி.வி.க்குக் கீழே எரிகிற சிவப்புப் புள்ளி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது மந்தமோ என்றால், அடுக்களையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தத்துக்கு ஓடி வருவான். "அதோ பார், காக்கா!" என்று காட்டினால் என் விரலைப் பார்ப்பான், காக்காயைப் பார்க்கமாட்டான். பொம்மைக் காரைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அரைமணி நேரம் ரசிப்பான். "இஞ்சினீயராத்தான் வரப்போறான்" என்று எதிர்வீட்டு மாமி சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மருமகளுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. முதலில் காட்டிய ஒரு டாக்டர், "நாலு வயசு வரைக்கும் பொறுத்துப் பாருங்க" என்று சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். 'பார்த்தாயா, நான் சொன்னேனே' என்று அவளிடம் இரண்டு தடவை சொல்லியும் காட்டினேன்.

அப்புறம் ஒரு மழை நாள். கரண்ட் போய், மருமகள் மடிக்கணினியில் 'டம்போ' படம் போட்டிருந்தாள். வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோ 1941ல் எடுத்த கார்ட்டூன் படம். பெரிய காதுள்ள யானைக்குட்டியின் கதை. படம் முழுக்க டம்போ ஒரு வார்த்தைகூடப் பேசாது. தாய் யானையைக் கூண்டு வண்டியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பார்கள். குட்டி தேடிக்கொண்டு வரும். தாயால் வெளியே வர முடியாது. கம்பி வழியே தும்பிக்கையை மட்டும் நீட்டிக் குட்டியைத் தடவிக் கொடுக்கும். குட்டியின் கண்ணில் நீர் திரளும்.

பேரன் எழுந்து போனான். திரையில் அந்தக் கண்ணின்மேல் விரலை வைத்தான். "அழு" என்றான்.

அதுவரை அவன் வாயில் வந்த வார்த்தைகள் ஐந்தோ ஆறோ. "பால்", "கார்", அந்த மாதிரி. மனதுக்குள் இருப்பதைச் சொல்லும் ஒரு வார்த்தை அவன் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் காபி டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். எங்கள் கண்ணையெல்லாம் பார்க்காத குழந்தை ஒரு பொம்மை யானையின் கண்ணைப் படித்துவிட்டானே! அப்படியானால் நாங்கள் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்ற பயம் அன்றைக்குத்தான் எனக்குள் வந்தது.

மறுவாரம் நானும் கூடப் போனேன். இந்த முறை குழந்தை வளர்ச்சியிலேயே பயிற்சி பெற்ற ஒரு டாக்டரம்மா. இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து அவனோடு விளையாடிவிட்டு, பிறகு எங்களிடம் பேசினார். ஆட்டிஸம் என்றார். 1943ல் லியோ கானர் என்ற டாக்டர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோது இதற்கு ஒரு தனி அடையாளம் கிடைத்ததாம். தாய் பாசம் காட்டாததால் வருகிறது என்று அப்புறம் கொஞ்ச காலம் மேல்நாட்டு நிபுணர்களே சொல்லி, எத்தனையோ தாய்மார்களை அழ வைத்தார்கள். அது முழுக்கத் தப்பு என்று பிறகு தெளிவாயிற்று. பிறவியிலேயே மூளை வேறு விதமாக வளர்ந்திருப்பதுதான் இது. யாருடைய வளர்ப்புக் குறையும் அல்ல என்றார்.

நான் டம்போ விஷயத்தைச் சொன்னேன். "பொம்மைக் கண்ணைப் பார்க்கறவன் எங்க கண்ணை ஏம்மா பார்க்கலை?" என்று கேட்டேன்.

"பாட்டி, நீங்க பேசறப்போ உங்க முகத்திலே என்னென்ன அசையுது, நினைச்சுப் பாருங்க. கண்ணு, புருவம், உதடு, கன்னம், மூக்குத்தியோட மினுமினுப்பு, கூடவே குரல். எல்லாம் ஒரே நேரத்திலே, ஒரு நொடியிலே வந்து போயிடுது. சில குழந்தைகளுக்கு அது சந்தைக்கடை இரைச்சல் மாதிரி. கார்ட்டூன்லே ஒரு சமயத்துக்கு ஒரு விஷயம்தான். அதையும் பெரிசா, நிதானமா காட்டறாங்க. அதனாலே அவனுக்குப் பிடிபடுது" என்றார்.

அன்றிலிருந்து நானும் கார்ட்டூன் பார்க்க ஆரம்பித்தேன். அறுபத்தேழு வயதில்! ஆனால் கதைக்காக அல்ல, கண்ணுக்காக.

பார்க்கப் பார்க்கத்தான் எத்தனை சூட்சுமம் என்று புரிந்தது. முதலாவது, கண்ணின் வெள்ளை. நிஜ நாய்க்கும் பசுவுக்கும் கண்ணில் வெள்ளை அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. மனிதனுக்குத்தான் கருவிழியைச் சுற்றி வெள்ளை பளிச்சென்று தெரிகிறது. அதனால்தான் ஒருவர் எங்கே பார்க்கிறார் என்று எட்ட இருந்தே கண்டுபிடித்துவிடுகிறோம். கார்ட்டூன் எலிக்கும் பூனைக்கும் இந்த மனித வெள்ளையைக் கடன் கொடுத்துவிடுகிறார்கள். உடனே அதன் எண்ணம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஜெர்ரி எலி ஓரக்கண்ணால் பாலாடைக்கட்டியைப் பார்த்தால், அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இரண்டாவது, இமை. மீனுக்கு நம்மைப் போல் மூடித் திறக்கும் இமை கிடையாது. மீன் மார்க்கெட்டில் பார்த்திருப்பீர்களே, விழித்தது விழித்தபடி இருக்கும். ஆனால் 2003ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் மீன்களுக்கெல்லாம் இமையும் புருவ மேடும் வைத்துவிட்டார்கள். மேலிமை பாதி இறங்கினால் சோர்வு. கீழிமை மேலே ஏறினால் சிரிப்பு. உதடு மட்டும் விரிந்து கண் சுருங்காவிட்டால் அது ஒப்புக்குச் சிரிப்பு. நிஜச் சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கும் என்று டூஷென் என்ற பிரெஞ்சு டாக்டர் 1862லேயே எழுதிவைத்திருக்கிறார்.

மூன்றாவது, புருவம். களிமண் பொம்மைகளை வைத்துப் படமெடுக்கும் இங்கிலாந்துக்காரர்களின் 'வாலஸ் அண்ட் க்ராமிட்' கதைகளில் க்ராமிட் என்ற நாய்க்கு வாயே கிடையாது. நெற்றி மேடு ஏறி இறங்குவதில்தான் அதன் பேச்செல்லாம். 2008ல் வந்த 'வால்-ஈ' இயந்திரப் பொம்மைக்கோ புருவமும் இல்லை, வாயும் இல்லை. பைனாகுலர் போல இரண்டு குழல். அந்த இரண்டும் வெளிப்பக்கம் சரிந்தால் பாவமாக இருக்கிறது; நிமிர்ந்தால் ஆசையாக இருக்கிறது.

இது ஏதோ மேல்நாட்டு வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். பேத்தி பரதம் கற்றவள். "பாட்டி, இதைத்தானே எங்களுக்கு முதல் வருஷமே சொல்லித் தந்தாங்க!" என்று சிரித்தாள். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தில் பார்வை மட்டும் எட்டு வகை. நேர்ப் பார்வை, ஓரப் பார்வை, மேல் பார்வை, கீழ்ப் பார்வை, பாதி மூடிய பார்வை என்று போகிறது. கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும், கண் போகும் இடத்துக்கு மனம் போக வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கிறது. கார்ட்டூன் வரைகிறவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறார்கள். பாத்திரம் தலையைத் திருப்புமுன் கண்ணைத் திருப்பிவிடுவார்கள். அப்போதுதான் அது தானே யோசித்துத் திரும்பியதாக நமக்குத் தோன்றும்.

நவராத்திரிக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை வாங்கப் போகிறோமே, அங்கே நாம் என்ன செய்கிறோம்? ஒரே அச்சில் வார்த்த பத்து மீனாட்சியை எடுத்து எடுத்துப் பார்த்து, "இதுக்குக் கண் சரியில்லை, அதைக் காட்டுப்பா" என்கிறோம். உடம்பெல்லாம் வர்ணம் தீட்டி, கடைசியில்தான் கண்ணைத் திறப்பார்கள். தூரிகை ஒரு நூல் தப்பினாலும் அம்மன் முறைக்கிற மாதிரி ஆகிவிடும்.

நம் தமிழ்ப் படங்களிலேயும் உதாரணம் இருக்கிறது. 2014ல் வந்த 'கோச்சடையான்' படத்தில் நடிகர்களின் அசைவைக் கருவிகளால் பதிவு செய்து, கணினியில் உருவம் கொடுத்தார்கள். முகம் ரஜினிதான், நடை ரஜினிதான். ஆனால் கண்ணில் அந்த உயிர் இல்லையே என்று பார்த்தவர்கள் பலர் குறைப்பட்டார்கள். மனிதனைப் போல முக்கால்வாசி வந்துவிட்ட பொம்மையைப் பார்த்தால் நமக்கு உள்ளூர ஒரு நெருடல் வரும் என்று மோரி என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1970லேயே சொல்லியிருந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2012ல், 'நான் ஈ' வந்தது. ஈயின் முகத்தில் பெரும்பகுதி கண்தான். அந்தக் கண்ணில் இமையும் இல்லை, கருமணியும் இல்லை. அதனால் தலையைச் சாய்ப்பதிலும் முன்னங்காலை ஆட்டுவதிலும் அதன் கோபத்தைக் காட்டினார்கள். கண் பேச முடியாத இடத்தில் உடம்பு பேசியது. குழந்தைகள் கைதட்டினார்கள்.

சரி, பேரன் கதைக்கு வருகிறேன். டாக்டரம்மா பேச்சுப் பயிற்சிக்கும், கை கால் உணர்வுப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தார். கூடவே வீட்டில் ஒரு விளையாட்டுச் சொன்னார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரயில், டிராம் மாதிரி வண்டிகளுக்கு நிஜ மனித முகங்களை ஒட்டி ஒரு கார்ட்டூன் தொடர் செய்திருக்கிறார்களாம். தண்டவாளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி இந்தக் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்பதால் அந்த யோசனை. நாலிலிருந்து ஏழு வயதுள்ள ஆட்டிஸக் குழந்தைகள் நாலு வாரம் தினமும் பார்த்ததில், முகபாவத்தை அடையாளம் காண்பதில் நன்றாக முன்னேறினார்கள் என்று 2010ல் எழுதியிருக்கிறார்கள். "வண்டிக்குப் பதில் உங்க வீட்டிலே அவனுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார். "இட்லி" என்றோம் நானும் மருமகளும், ஒரே குரலில்.

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் இட்லி விளையாட்டு. செலவே இல்லை. செய்து பாருங்கள். எந்தக் குழந்தைக்கும் இது நல்ல விளையாட்டுதான்.

தட்டில் இரண்டு இட்லியைப் பக்கம் பக்கமாக வையுங்கள். அதுதான் கண்ணின் வெள்ளை. நடுவில் ஆளுக்கொரு மிளகு. இப்போது மிளகை இரண்டிலும் இடப்பக்கம் நகர்த்தினால், "பூனை எங்கே பார்க்குது?" என்று கேட்கலாம். அந்தப் பக்கம் ஒரு திராட்சையை ஒளித்து வைத்திருந்தால் குழந்தை தானே தேடும். இட்லிக்கு மேலே இரண்டு கறிவேப்பிலை, புருவமாக. மூக்குப் பக்கத்து நுனி கீழே இறங்கினால் கோபம். அதே நுனி மேலே ஏறினால் வருத்தம். இரண்டும் வளைந்து உயரத் தூக்கினால் ஆச்சரியம். தோசைத் துண்டை இமையாகப் பாதி மூடினால் தூக்கம். சாப்பிடக் கொடுக்குமுன் மிளகையும் இலையையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தொண்டையில் சிக்கும். இட்லி இல்லாத நாளில் வெள்ளைக் காகித வட்டமும் ஸ்டிக்கர் பொட்டும் போதும். அதுவும் குழந்தை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பாவம்தான். அவசரமே கூடாது. முதல் மூன்று வாரம் அவன் மிளகை எண்ணினானே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. எனக்கே அலுத்துவிட்டது. மருமகள் மட்டும் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. நான் அவனுக்குத் தட்டு வைத்தேன். அவனே கறிவேப்பிலையை எடுத்து, மூக்குப் பக்கம் மேலே ஏறும்படி வைத்தான். "அழு" என்றான். "யாருடா கண்ணு அழறா? பூனையா?" என்றேன். அவன் தட்டைப் பார்க்கவில்லை. அடுக்களை வாசல் பக்கம் விரலை நீட்டினான்.

"அம்மா."

திரும்பிப் பார்த்தேன். மருமகள் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் டெலிபோன். என்னைக் கண்டதும் சட்டென்று சிரித்தாள். உதடு மட்டும்தான் சிரித்தது. நாலு வாரமாகக் கார்ட்டூன் கண்ணைப் படித்துப் பழகியவளுக்கு அதுகூடவா தெரியாது?

"என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லை அத்தை" என்றாள். "இல்லை, உட்காரு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்புறம்தான் கொட்டினாள். ஒரு மாதமாக ஆபீஸில் வேலையை விடுவதா வேண்டாமா என்று மன்றாடிக்கொண்டிருக்கிறாள். பயிற்சிக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும். வேலையை விட்டால் பயிற்சிக்குப் பணம் வேண்டும். "என்கிட்டே ஏம்மா சொல்லலை?" என்றேன். அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "முதல்லே ஒண்ணு சொன்னேனே அத்தை. அன்னிக்கு நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்கலியே."

அந்த வாழைத்தண்டு எனக்கு ஞாபகம் வந்தது. குழந்தை நம் கண்ணைப் பார்க்கவில்லை என்று அவள் அழ வந்தபோது, அவள் கண்ணை நான் பார்த்தேனா? அவனுக்காவது ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு என்ன காரணம்? "தப்புதாம்மா, என்னை மன்னிச்சுக்கோ" என்றேன். மருமகளிடம் மன்னிப்புக் கேட்பது அத்தனை சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. செவ்வாயும் வெள்ளியும் பயிற்சிக்கு நான் கூட்டிப் போவதென்று அன்றே முடிவாயிற்று. அவள் வேலையை விடவில்லை.

இப்போது பேரனுக்கு ஐந்து வயது. அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. பொய் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். இன்னும் பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை, என் காதுத் தோட்டைத்தான் பார்க்கிறான். "கண்ணைப் பார், கண்ணைப் பார்" என்று முகத்தைப் பிடித்துத் திருப்பவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அப்படி நேருக்கு நேர் பார்ப்பது தங்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று ஆட்டிஸம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்களாம். தோட்டைப் பார்த்துக்கொண்டே அவன் கதை கேட்கிறான், கேள்வி கேட்கிறான். அது போதும் எனக்கு.

இளம் தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு வயது தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பவில்லை, ஒன்றரை வயதிலும் தனக்குப் பிடித்ததை விரல் நீட்டிக் காட்டவில்லை, பேசிய வார்த்தைகள் மறந்துபோகின்றன என்றால் யார் என்ன சொன்னாலும் காத்திருக்காதீர்கள். என் போன்ற மாமியார் சொன்னாலும் சரி. ஆரம்பத்திலேயே பயிற்சி கொடுப்பது நல்லது. 1985ல் தொடங்கி, கோட்டூர்புரத்தில் நடந்துவரும் வித்யாசாகர் போன்ற நிறுவனங்களும், முட்டுக்காட்டில் மத்திய அரசு நடத்தும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையத்தை விசாரியுங்கள்.

இன்னொன்று. கார்ட்டூன் நல்லது என்று பாட்டி எழுதினாள் என்று சொல்லி டி.வி. முன்னால் குழந்தையை உட்கார வைத்துவிட்டு நீங்கள் உலை வைக்கப் போய்விடாதீர்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயோ, யானைக்கு என்ன ஆச்சு? கண்ணைப் பாரு" என்று பேசிக்கொண்டே பாருங்கள். எங்கள் வீட்டில் பலன் கொடுத்தது அந்தப் பேச்சுதான்.

இன்று காலையும் இட்லிதான். தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன். பேரன் கறிவேப்பிலை இரண்டையும் உயரத் தூக்கி வைத்துவிட்டு, என் தோட்டைப் பார்த்துச் சொன்னான்: "பாட்டி, இன்னிக்கு பூனைக்கு ஆச்சரியம். சட்னி போட மறந்துட்டே!"